அறிவு மாளிகையில் ஒரு தக்காளி

பசியை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் உலகத்தில் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர், சாப்பாட்டைக் கொடுத்தால் பசி போய்விடும் என்று வெள்ளந்தியாக நம்பி வாழ்நாளை வீணாக்கியவர்கள். 'ஊட்டச்சத்து அறிவு வளர்ச்சி இயக்ககம்' ஒன்றுதான் பிரச்சினையின் ஆணிவேரைப் பிடித்தது. மக்கள் காய்கறி சாப்பிடாததற்குக் காரணம் காய்கறி கிடைக்காதது அல்ல. காய்கறியைப் பற்றிய அறிவு கிடைக்காததே என்று அது கண்டுபிடித்தது. மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக வைத்துப் போற்றத் தக்க கண்டுபிடிப்பு இது. நெருப்பாவது ஏதோ தற்செயலாகச் சிக்கியது. இது முறையாகக் கமிட்டி போட்டுக் கிடைத்தது.

கண்டுபிடித்த அறிவைப் பரப்ப ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. மக்கள் தினமும் கூடும் இடமாக அது இருக்க வேண்டும் என்று ஆலோசகர் சொன்னார். ஊர் முழுக்கத் தேடிப் பார்த்ததில் மக்கள் தினமும் கூடிய இடம் காய்கறிச் சந்தை ஒன்றுதான். எனவே சந்தையை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் 'ஊட்டச்சத்து அறிவு மாளிகை' எழுப்பப்பட்டது. தக்காளி வடிவக் கட்டடம். உருண்டையாக, சிவப்பாக, உச்சியில் பச்சைக் காம்போடு இருக்கும். காம்புக்குள் தண்ணீர்த் தொட்டி. மழைக்காலத்தில் காம்பு ஒழுகும். 'செடியிலிருந்து பறித்த தக்காளி போலவே இருக்கிறது' என்று திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் மெய்சிலிர்த்தார்கள்.

இந்த மாளிகையில் காட்சி அலுவலராக இருந்தவர்தான் நம்முடைய ஆள். தற்காலிகப் பணி. பிளாஸ்டரில் செய்த காய்கறிகளையும் பழங்களையும் பாதுகாப்பது அவருடைய வேலை. காலையில் வந்ததும் கேரட்டுக்குத் தூசி தட்டுவார். முட்டைக்கோஸைத் துணியால் துடைப்பார். நிறம் மங்கிய மிளகாய்க்குச் சிவப்பு பூசி, காயும்வரை மின்விசிறிக்கு அடியில் வைப்பார். மாளிகைக்குள் நிஜக் காய்கறியை யாரும் கொண்டுவரக் கூடாது என்பது விதி. அழுகும் பொருளைக் கொண்டு அழியாத அறிவைப் பரப்ப முடியுமா? தவிர, நிஜக் காய் வந்தால் எறும்பு வரும், ஈ வரும், கடைசியில் மக்களும் வந்துவிடுவார்கள். பிளாஸ்டருக்கு அந்தத் தொந்தரவே இல்லை. ஒரு முறை ஓர் எலி பிளாஸ்டர் கேரட்டைக் கடித்துப் பார்த்தது. அதற்குப் பிறகு அந்த வளாகத்தில் எலியே கிடையாது. விழிப்புணர்வின் வெற்றி என்று இயக்குநர் அதை ஆண்டறிக்கையில் சேர்த்தார்.

காட்சி அலுவலரின் வீடு மாளிகைக்குப் பின்தெருவில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் தக்காளியின் முதுகு தெரியும். வேறு எதுவும் தெரியாது.

அந்தத் தெருவின் முனையில் ஒரு கடை இருந்தது. கடை முழுக்கப் பளபளக்கும் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். தக்காளிச் சுவை, வெங்காயச் சுவை, தோட்டத்துச் சுவை என்று எல்லாச் சுவையும் அங்கே கிடைக்கும். தக்காளி, வெங்காயம், தோட்டம் ஆகிய மூன்றும்தான் கிடைக்காது. சந்தைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். கூடையோடு ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவார். பையோடு போகலாம் என்றாலோ, மத்தியானத்தோடு சந்தையைக் கட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் காட்சி அலுவலர் பிளாஸ்டர் முள்ளங்கிக்கு வர்ணம் பூசிக்கொண்டிருப்பார். அவருடைய மனைவி துணி ஆலையில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருப்பாள். ஆலைக்கு எந்தக் கிழமை விடுமுறையோ அதே கிழமைதான் சந்தைக்கும் விடுமுறை. அன்றைக்கு மாளிகையில் மட்டும் விடுமுறை இல்லை. 'சந்தைக்குப் போவோம், சத்தோடு வாழ்வோம்' என்ற சிறப்பு முகாம் நடக்கும்.

அவர்களுக்கு ஒரே மகள். ஐந்தாம் வகுப்பு. ஊட்டச்சத்து அறிவில் அந்தப் பள்ளியே அவளுக்குக் கைகட்டி நிற்க வேண்டும். கீரையில் என்ன இருக்கிறது, முட்டையில் என்ன இருக்கிறது, எது குறைந்தால் கண் மங்கும், எது குறைந்தால் பல் ஈறு வீங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். பேச்சுப் போட்டியில் 'இரும்புச்சத்தின் இன்றியமையாமை' பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கினாள். இரும்புச்சத்து குறைந்தால் மயக்கம் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாள். நடித்துக் காட்டுகிறாள் என்று நினைத்து அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நடுவர் நடிப்புக்கென்று தனி மதிப்பெண் போட்டார்.

பரிசாகக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பழக்கூடைப் படம் கொடுத்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டே அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

டாக்டரம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "ரத்தமே இல்லையேம்மா குழந்தைக்கு. என்னதான் சாப்பிடறா?"

"கடையில என்ன தொங்குதோ அதுதான் டாக்டர்" என்றாள் மனைவி.

"கீரை, முட்டை, காய், பழம். தினமும் கொடுங்க. மருந்து மாதிரி நினைச்சுக் கொடுக்கணும்."

"மருந்துன்னா பரவாயில்லையே டாக்டர், எதிர்த்தாப்பல மருந்துக்கடை இருக்கு. கீரைக்குத்தான் ரெண்டு பஸ் மாறணும்."

"இப்படியே விட்டீங்கன்னா அடுத்த தடவை ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும். பார்த்துக்குங்க" என்றார் டாக்டரம்மா. சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, ஊருக்கெல்லாம் காய்கறி பத்திச் சொல்றீங்க. வீட்டுக்கு ஒரு கட்டு கீரை கொண்டுவர வழியில்லையா?"

"கீரையோட பயன்கள்னு புது நோட்டீஸ் வந்திருக்கு. வேணும்னா ஒரு கட்டு..."

"கொண்டாங்க. உப்புப் போட்டு வேக வெக்கிறேன்."

காட்சி அலுவலர் தலையைக் குனிந்துகொண்டார். "கொஞ்சம் பொறுத்துக்கோ. மாளிகையைச் சோதிக்க மேலிடத்துலேர்ந்து பார்வைக் குழு வருது. கண்காட்சி நல்லபடியா நடந்துட்டா என்னை நிரந்தரம் பண்றேன்னு இயக்குநர் சொல்லியிருக்கார். நிரந்தரம்னா ஊழியர் குடியிருப்புல வீடு. குடியிருப்புக்கு எதிர்லதான் புதுச் சந்தை. வாசல்ல நின்னு கைதட்டினா கீரைக்காரி வருவா."

"அதுவரைக்கும் இவ எழுந்து நிப்பாளா?"

"அப்பா" என்றாள் கட்டிலில் கிடந்த மகள், "கீரையை மூடி வெச்சு வேக வெக்கணும். அப்பதான் சத்து போகாது."

அறிவுக்கு ஒரு குறைவும் இல்லை.

மறுநாள் மாளிகையில் ஆயத்தக் கூட்டம். இயக்குநர் தலைமை தாங்கினார். ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆலோசகர் என்பவர், நாம் சொல்வதையே நமக்குப் புரியாதபடி திருப்பிச் சொல்வதற்காக நியமிக்கப்பட்டவர்.

"முதல்ல நம்ம செயலி" என்று கைபேசியை உயர்த்திக் காட்டினார் ஆலோசகர். "பேரு 'காய் எங்கே?'. எந்தக் குடிமகனும் இனிமே காய்கறி எங்கே கிடைக்கும்னு திண்டாட வேண்டாம். தக்காளின்னு அடிச்சா போதும், பக்கத்துல எங்கே இருக்குன்னு வழி காட்டிடும். பாருங்க."

தட்டினார். கைபேசி ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது: "நீங்கள் தக்காளிக்குள் இருக்கிறீர்கள்."

"அருமை!" என்றார் இயக்குநர். "எவ்வளவு துல்லியம்!"

"உணவு அணுகல்ல இனிமே இடைவெளியே கிடையாது சார்" என்றார் ஆலோசகர்.

அடுத்தது பொம்மைக்காரரின் முறை. மாளிகைக்குப் பிளாஸ்டர் காய்கள் செய்து தரும் ஒப்பந்தக்காரர் அவர். பழைய காய்களில் விரிசல் விட்டுவிட்டதால் பார்வைக் குழுவுக்காகப் புதிதாகச் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

"இந்தத் தடவை அசல் மாதிரியே இருக்கணும்" என்றார் இயக்குநர்.

"அசல் மாதிரியே செஞ்சுடலாம் சார்."

"ஆனா அசலா இருக்கக் கூடாது."

"பிளாஸ்டர் எப்படிச் சார் அசலாகும்?"

"ஒரு எச்சரிக்கைக்குச் சொன்னேன்" என்றார் இயக்குநர். அத்தகைய தொலைநோக்கு அவருடையது.

ஆனால் அன்றைக்குப் பிடித்த மழை விடவே இல்லை. பொம்மைக்காரர் வார்த்து வைத்த கத்தரிக்காய் காயவில்லை. பூசணி கையோடு பிசுபிசுத்து வந்தது. இது எதுவும் காட்சி அலுவலருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், கண்காட்சிக்கு முந்தின நாள் காலையில் ஈரச் சாக்கு போட்டு மூடிய கூடைகளோடு ஒரு வண்டி வந்து நின்றது என்பதுதான். பொம்மைக்காரர் கண்ணைப் பார்க்காமல் கையெழுத்தை வாங்கிக்கொண்டு நழுவிவிட்டார்.

கூடைகளைத் திறந்ததும் காட்சி அலுவலர் அசந்து போனார். தக்காளி, கேரட், கீரை, முட்டை, வாழைப்பழம், கொய்யா. எல்லாவற்றிலும் நீர்த்துளி. "தண்ணி சொட்டற மாதிரி வெச்சிருக்கார் சார்!" என்று கூவினார்.

இயக்குநர் குனிந்து முகர்ந்தார். "வாசனை கூட வெச்சிருக்கார்யா! ஒப்பந்தத்துல வாசனை உண்டா?"

"இல்லை சார்."

"அப்ப அது நமக்கு இலவசம்."

ஆலோசகருக்கு மட்டும் திருப்தி இல்லை. அவர் நிபுணர். ஒரு கேரட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன வளைஞ்சிருக்கு? நம்ம போஸ்டர்ல கேரட் எவ்வளவு நேரா இருக்கு! நுனியில மண்ணு வேற ஒட்டியிருக்கு. கேரட்டுக்கும் மண்ணுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"அதானே" என்றார் இயக்குநர்.

"தக்காளி ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. கீரையில ஓட்டை, பூச்சி அரிச்ச மாதிரி. வேலையில அக்கறையே இல்லை. யாரு பார்த்தாலும் இது போலின்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

"நேரமில்லையே இப்ப" என்று இயக்குநர் கையைப் பிசைந்தார். பிறகு காட்சி அலுவலர் பக்கம் திரும்பினார். "நீங்க ஒண்ணு பண்ணுங்க. எல்லாத்துக்கும் ஒரு கோட்டிங் பெயிண்ட் அடிச்சிடுங்க. நாளைக்குப் பார்க்கும்போது நிஜம் மாதிரி இருக்கணும். உங்க நிரந்தரம் இதுலதான் இருக்கு."

இருவரும் போனபின் காட்சி அலுவலர் பச்சை டப்பாவைத் திறந்தார். ஒரு கட்டு கீரையை மேஜையில் விரித்து, தூரிகையைத் தோய்த்து, ஓர் இலையைப் பிடித்து நிமிர்த்தினார்.

இலை ஒடிந்தது.

விரலில் ஈரம். முகர்ந்து பார்த்தார். நாக்கில் வைத்தார். பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இத்தனை காலம் காய்கறித் துறையிலேயே இருந்தவர் அல்லவா? நிஜக் கீரையை எதிரில் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை.

உடனே பொம்மைக்காரருக்குப் போன் போட்டார்.

"என்னய்யா அனுப்பியிருக்கீங்க? இதெல்லாம் நிஜம்!"

"மழை சார். பிளாஸ்டர் காயவே இல்லை. விடிய ஓடிப் போய்ச் சந்தையில அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தேன். பிளாஸ்டரை விடச் சல்லிசு சார், எனக்கே ஆச்சரியம்."

"இயக்குநருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"இன்னும் தெரியலையா?"

"...தெரியலை."

"அந்த ஆலோசகருக்கு?"

"வளைஞ்சிருக்குன்னார்."

 போனில் பொம்மைக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்ப அடுத்த வருஷமும் எனக்குத்தான் ஆர்டர்."

காட்சி அலுவலர் யோசித்தார். உண்மையைச் சொன்னால் விதிமீறல். பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர். நிரந்தரம் போகும், குடியிருப்பு போகும், எதிர்ச் சந்தை போகும். மகளுக்குக் கீரை கிடைக்க வேண்டுமானால், இந்தக் கீரை கீரை இல்லை என்று அவர் சாதித்தாக வேண்டும். ஒரு கட்டை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று கை ஒரு முறை போனது. அரசுப் பொருள் என்ற நினைப்பு வந்ததும் கை தானாகத் திரும்பிவிட்டது. நேர்மையான மனிதர். கண்காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் அறையில் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். அடுத்த கண்காட்சிக்குத்தான் திறப்பார்கள்.

பெயிண்ட் டப்பாவை மூடினார். எதற்கும் எதுவும் பூசவில்லை. சாயங்காலம் இயக்குநர் வந்து ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பெயிண்ட் அடிச்சாச்சா?"

"ஆச்சு சார்."

"பார்த்தீங்களா! இப்பதான்யா நிஜம் மாதிரி இருக்கு."

கண்காட்சி நாள். பார்வைக் குழுவின் தலைவர் வந்தார். சிரிப்பதற்கு மேலிடத்து அனுமதி தேவைப்படுகிறவர் போன்ற முகம். காட்சி மேஜைக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் பொதுமக்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். பின்தெரு முழுவதும் வந்திருந்தது. 'அறிவு பெறுவோர்' என்று ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். முன்வரிசையில், ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்த மனைவி நின்றாள். காரணம், பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய மாணவிதான் அன்றைக்குக் காட்சி விளக்கம் தர வேண்டும் என்று இயக்குநர் ஏற்பாடு செய்திருந்தார். கையில் ஒரு நீளக் குச்சியோடு மகள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். முகம் சுவர் போல வெளுத்திருந்தது.

"மேடைக்குப் பவுடர் போட்டிருக்கு போல" என்று இயக்குநர் குழுத் தலைவரிடம் விளக்கினார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "இது என்ன, சொல்லு?"

"தக்காளி ஐயா. இதில் உயிர்ச்சத்து சி உள்ளது. நோய் எதிர்ப்பு ஆற்றலை வளர்க்கும்."

"இது?"

"கீரை ஐயா. இதில் இரும்புச்சத்து உள்ளது. ரத்தத்தை..." அவள் நிறுத்தினாள். மூக்கை லேசாகச் சுளித்து மேஜைப் பக்கம் சாய்ந்தாள். "ரத்தத்தை... அப்பா, வாசனை வருதுப்பா."

"மேலே சொல்லும்மா" என்றார் காட்சி அலுவலர். 

"ரத்தத்தை விருத்தி செய்யும். இது குறைந்தால் மயக்கம்..."

குச்சி கீழே விழுந்தது. அவள் விழாமலிருக்க மேஜையைப் பிடித்தாள். தக்காளிக் குவியல் சரிந்தது. ஒரு பெரிய தக்காளி உருண்டுபோய், குழுத் தலைவரின் காலணிக்கு எதிரே தரையில் விழுந்து, உடைந்தது.

சாறு தெறித்தது. விதை தெறித்தது.

அரங்கத்தில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. மாளிகையின் வரலாற்றில் முதல் ஈ.

"சாறு கூட வெச்சிருக்கார்யா!" என்று இயக்குநர் வாயைப் பிளந்தார்.

மனைவி கயிற்றைத் தாண்டினாள். யாரையும் கேட்கவில்லை. மகளை மடியில் சாய்த்துக்கொண்டு, ஒரு தக்காளியை எடுத்து முந்தானையில் துடைத்து அவள் வாயில் வைத்தாள். "கடி கண்ணு. கடிச்சு முழுங்கு." மகள் கடித்தாள். மோவாயில் சாறு வழிந்தது. அவள் கண்ணைத் திறந்து, எந்தச் சத்தையும் ஒப்பிக்காமல் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "இன்னொண்ணு."

அவ்வளவுதான், கயிறு அறுந்தது. அறிவு பெற வந்த பொதுமக்கள் அந்த நோக்கத்தை மறந்தார்கள். ஒருவர் கேரட்டைக் கடித்தார். ஓர் அம்மாள் முட்டைகளைப் புடவையில் கட்டிக்கொண்டாள். பல்லில்லாத ஒரு தாத்தா வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே எல்லாரையும் தள்ளாதே தள்ளாதே என்று அதட்டினார். கீரையைச் சுற்றிக்கொள்ள விழிப்புணர்வு நோட்டீஸ் நன்றாகப் பயன்பட்டது. அச்சடித்ததிலிருந்து அந்த நோட்டீஸ் ஒருவருக்குப் பயன்பட்டது அன்றுதான்.

"கலவரம்!" என்றார் குழுத் தலைவர்.

"அதைவிட மோசம் சார்" என்று ஆலோசகர் பதறினார். "பிளாஸ்டரைத் தின்னுட்டாங்க! வயித்துல போய் இறுகிடும்!"

"ஐயா, நிஜம்தான்யா, இனிக்குது!" என்று கூட்டத்தில் ஒருவர் கொய்யாவைத் தூக்கிக் காட்டினார்.

ஆலோசகர் அனுதாபத்தோடு தலையசைத்தார். "நம்ம ஆய்வுப்படி இந்தப் பகுதி மக்களுக்கு நிஜக் காய்கறி எப்படி இருக்கும்னே தெரியாது. அப்புறம் இது நிஜம்னு எப்படிச் சொல்ல முடியும்?"

தர்க்கத்தில் ஒரு பொத்தல் கிடையாது. குழுத் தலைவர் உடனே ஆணையிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. தின்றவர்கள் அத்தனை பேருக்கும் வயிற்றைக் கழுவுவது என்று முடிவாயிற்று. வாசலை மூடிவிட்டார்கள். ரப்பர்க் குழாயும் வாளியுமாக உள்ளே வந்தவர் டாக்டரம்மாதான்.

"முதல்ல தின்ன குழந்தையிலிருந்து ஆரம்பிங்க" என்றார் தலைவர்.

டாக்டரம்மா மகளைப் பார்த்தார். வெளுத்த உதட்டில் ஒட்டியிருந்த தக்காளி விதையைப் பார்த்தார். "சார், இந்தக் குழந்தைக்கு இதைத்தான் கொடுக்கச் சொன்னேன்."

"நீங்க சொன்னது உணவு. இது காட்சிப் பொருள்" என்றார் தலைவர். "பொறுப்பேற்று வாங்கினவர் யாரு? அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். பிளாஸ்டரா, இல்லையா?"

எல்லாரும் காட்சி அலுவலரைப் பார்த்தார்கள்.

இயக்குநர் அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். உடைந்த தக்காளியை இயக்குநரும் இதற்குள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டிருந்தார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை.

"யோசிச்சுப் பேசுங்க" என்று காதோடு சொன்னார். "பிளாஸ்டர்னா, மக்களே ஏமாந்து போற அளவுக்கு அற்புதமான மாதிரின்னு நான் குறிப்பு எழுதறேன். நீங்க இன்னிக்கே நிரந்தரம். ஆணை என் பையில இருக்கு. நிஜம்னா விதிமீறல். உங்களோட நானும் பதில் சொல்லணும்."

"வயித்தைக் கழுவிடுவாங்களே சார்."

"கழுவட்டுமே. குடியிருப்புக்குப் போனப்புறம் தினம் ஒரு தக்காளி வாங்கிக் கொடுங்க. இந்த ஒண்ணு போனா என்ன?"

காட்சி அலுவலர் திரும்பிப் பார்த்தார். குழாய்க்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். மகள் அம்மாவின் மடியில் வாயை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பொத்தியபடி படுத்திருந்தாள். தக்காளியைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி அது.

அவர் தூணை விட்டு வெளியே வந்தார்.

"நிஜம் ஐயா" என்றார். "எல்லாமே நிஜம். சந்தையில வாங்கினது. நான்தான் கையெழுத்துப் போட்டேன். நேத்திக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். குழந்தையை விடுங்க."

டாக்டரம்மா வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். அடுத்த நிமிடம் அந்த வாளியில் யாரோ முட்டையை அடுக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

விசாரணை அங்கேயே நடந்து அங்கேயே முடிந்தது. இந்த ஒரு விஷயத்தில் இயக்ககத்தின் வேகம் பாராட்டுக்குரியது. காட்சி அலுவலரின் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இயக்குநர் தம் பையிலிருந்த நிரந்தர ஆணையை எடுத்து, பெயரை மட்டும் அடித்துவிட்டு, ஆலோசகரிடம் நீட்டினார். ஆலோசகர் ஒருவாறு தயங்கி ஏற்றுக்கொண்டார்.

வெளியே மழை விட்டிருந்தது. மகள் நடந்தே வந்தாள். காட்சி அலுவலர் மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நடந்தார்.

"நிரந்தரம் போச்சு" என்றார்.

"போகட்டும்."

"குடியிருப்பும் போச்சு. இனிமே என்ன பண்றது?"

"என்ன பண்றதா? இனிமே காலையில உங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. ரெண்டு பஸ் மாறிச் சந்தைக்குப் போயிட்டு வாங்க. கூடை வேண்டாம், இறக்கிவிட்டுடுவான். பையை எடுத்துக்குங்க."

"அப்பா, கீரை வாங்கும்போது ஓட்டை இருக்கறதாப் பார்த்து வாங்குங்க" என்றாள் மகள். "அதுலதான் வாசனை வந்துச்சு."

இயக்ககம் இந்தச் சம்பவத்தால் கொஞ்சமும் தளரவில்லை. அது இன்றும் அதே தக்காளிக்குள் கம்பீரமாக இயங்கிவருகிறது. எத்தனையோ அரசு அலுவலகங்கள்மீது எத்தனையோ புகார்கள் எழுகின்றன. இந்த இயக்ககத்தின்மீது, அது தொடங்கிய நாளிலிருந்து, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்ட குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான்: அந்த வளாகத்தில் ஒரு நாள் மக்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். அதற்குக் காரணமானவர் அன்றே வெளியேற்றப்பட்டார். அப்படி ஒரு தவறு அங்கே மறுபடியும் நடக்கவே இல்லை.